மோட்டார்ஹோமுக்கு எத்தனை பூட்டு வேண்டும்?

இங்கிலாந்தில், உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வசதி கொண்ட மோட்டார்ஹோம் வண்டியை வாங்கக் கையெழுத்திடும் நாளில், விற்பனையாளர் வண்டியின் சாவியைக் கொடுப்பதற்கு முன்பே துணைக்கருவிப் பட்டியல் ஒன்றை நீட்டுவது வழக்கம். அலாரம், பிறர் எஞ்சினைக் கிளப்ப முடியாமல் தடுக்கும் இம்மொபிலைசர் கூடுதலாக ஒன்று, வண்டி இருக்குமிடத்தைத் தெரிவிக்கும் டிராக்கர், ஸ்டீயரிங் பூட்டு, சக்கரப் பூட்டு, கதவுகளுக்கு உள்தாழ், சன்னல்களுக்கு சென்சார், இருக்கைக்கு அடியில் இரும்புப் பெட்டி, மயக்க வாயுவைக் கண்டறியும் கருவி என்று நீளும் அந்தப் பட்டியலில் உள்ள அனைத்தையும் பொருத்தினால் சில ஆயிரம் பவுண்டுகள் கூடிவிடும். அறுபது எழுபதாயிரம் பவுண்டு கொடுத்து வாங்கும் வண்டிக்கு இதைக்கூடச் செய்யாமல் விடுவதா என்ற எண்ணம் அந்த நேரத்தில் எவருக்கும் வரும். அந்த எண்ணத்தை நம்பித்தான் பட்டியலே அச்சிடப்படுகிறது. பல ஆண்டுகளாக இத்தகைய வண்டியில் பிரிட்டனையும் ஐரோப்பாவையும் சுற்றிவருபவன் என்ற முறையில் என் கணக்கு வேறு. மூன்று கருவிகள் போதும். அவற்றுக்கு மேல் சேர்க்கும் ஒவ்வொன்றும் பணத்தோடு நிற்பதில்லை. பேட்டரியின் மின்சாரத்தையோ, வண்டி தாங்கக்கூடிய எடையையோ, இரவில் அவசரமாக வெளியேறும் வழியையோ சேர்த்தே விலையாகக் கேட்கிறது.

முதலில் யாரிடமிருந்து பாதுகாப்பு என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மோட்டார்ஹோமைக் குறிவைக்கும் திருடர்கள் இரண்டு வகையினர். ஒரு வகையினருக்கு வண்டியே வேண்டும். இன்னொரு வகையினருக்கு வண்டிக்குள் இருக்கும் கேமரா, மடிக்கணினி, பணம், கடவுச்சீட்டு ஆகியவை வேண்டும். முன்னவர் வண்டி நிற்கும் இடத்தை முன்கூட்டியே அறிந்து, உரிய கருவிகளோடு, பெரும்பாலும் இரவில் வருகிறார். பின்னவர் நெடுஞ்சாலை ஓய்விடத்திலோ கடற்கரை வாகன நிறுத்தத்திலோ வாய்ப்புக்காகக் காத்திருந்து, ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு ஓரிரு நிமிடங்களில் வேலையை முடித்துவிடுகிறார். இந்த இருவரையும் ஒரே கருவியால் தடுத்துவிடலாம் என்று நினைப்பதால்தான் தேவையற்ற செலவு பிறக்கிறது. விலை உயர்ந்த டிராக்கர் பொருத்திய வண்டியிலிருந்து கைப்பை திருடுபோவதை டிராக்கர் தடுக்காது. எல்லாக் கதவுகளுக்கும் உள்தாழ் போட்ட வண்டியை, அது வீட்டு வாசலில் ஆளின்றி நிற்கும்போது, அந்தத் தாழ்கள் காப்பாற்றாது. சாதாரண உரிமையாளரின் மோட்டார்ஹோம் ஓடும் நாட்களைவிட நிற்கும் நாட்களே மிக அதிகம் என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். விடுமுறைப் பயணத்தில் நேரக்கூடியதை எண்ணி அஞ்சும் பலர், நவம்பர் முதல் மார்ச் வரை தம் வண்டி யாருடைய பார்வையில் நிற்கிறது என்று யோசிப்பதில்லை.

வண்டியைத் திருடும் முறையைப் புரிந்துகொள்ள, ஐரோப்பிய மோட்டார்ஹோம்கள் எதன்மீது கட்டப்படுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். வெளித்தோற்றமும் நிறுவனப் பெயரும் எவ்வளவு வேறுபட்டாலும், அவற்றில் பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது ஃபியட் டுகாட்டோ. இத்தாலியின் அட்டெஸ்ஸா நகரில் உள்ள ஆலையில் 1981 முதல் தயாராகிவரும் இந்தச் சரக்கு வேனும், அதே ஆலையில் உருவாகும் அதன் உடன்பிறப்புகளான பெஜோ பாக்ஸரும் சிட்ரோயன் ஜம்பரும் கூரியர் நிறுவனங்களிடமும் கட்டடத் தொழிலாளர்களிடமும் எங்கும் காணக்கிடைப்பவை. ஆகவே அவற்றின் பூட்டுகளையும் மின்சுற்றுகளையும் கையாளும் பழக்கம் திருடர்களுக்கு வேன்களிலிருந்தே கிடைத்துவிடுகிறது. மோட்டார்ஹோம் திருட்டைத் தனியாகக் கற்க வேண்டியதில்லை. முன்கதவுக் கைப்பிடிக்குக் கீழே தகட்டைத் துளைத்து உள்ளே இருக்கும் இணைப்பை நெம்பிக் கதவைத் திறப்பது பழைய வழி. எஞ்சினை உயிர்ப்பிப்பதற்கு, ஸ்டீயரிங்குக்குக் கீழே பழுதுபார்ப்புக் கடைகளுக்காக வைக்கப்பட்டிருக்கும் 16 முனைச் செருகுவாயில் ஒரு கருவியை இணைத்து, புதிய சாவி ஒன்றை வண்டியின் கணினிக்கு அறிமுகப்படுத்திவிடுகிறார்கள். அண்மைக்காலத்தில், அந்தச் செருகுவாயையும் தேடாமல், வண்டியின் பாகங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் பஸ் கம்பிவடத்தில் நேரடியாகப் பொய்யான செய்தியைச் செலுத்தும் முறையும் பரவியிருக்கிறது.

1998 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய கார்களில் இம்மொபிலைசர் கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் கம்பிகளை உரசி வண்டியைக் கிளப்பும் காலம் முடிந்தது என்பது உண்மை. ஆனால் ஆலையிலேயே பொருத்தப்படும் இம்மொபிலைசர் ஒவ்வொரு வண்டியிலும் ஒரே இடத்தில், ஒரே விதமாக இருக்கிறது. ஒன்றை ஏமாற்றத் தெரிந்தவருக்கு எல்லாவற்றையும் ஏமாற்றத் தெரியும். இதனால்தான் நான் சொல்லும் மூன்றில் முதலாவது, பின்னர் பொருத்தப்படும் ஒரு கூடுதல் இம்மொபிலைசர். கேன் பஸ்ஸோடு இணைந்து, சன்னல் பொத்தான், ஸ்டீயரிங்கில் உள்ள வானொலிப் பொத்தான் போன்றவற்றை உரிமையாளர் தேர்ந்தெடுத்த வரிசையில் அழுத்தினால் மட்டுமே எஞ்சினை ஓட விடும் வகை இப்போது பிரபலமாக இருக்கிறது. திருடர் புதிய சாவியை உருவாக்கிக்கொண்டாலும் அந்த வரிசை அவருக்குத் தெரியாது. இதைப் பொருத்தும் தொழிலாளி அதை வண்டியின் எந்த மூலையில் ஒளித்து வைக்கிறார் என்பதில்தான் இதன் பலம் பெரிதும் இருக்கிறது. எனவே, கருவியின் விலையைப் பார்ப்பதைவிடப் பொருத்துபவரின் அனுபவத்தைப் பார்ப்பது நல்லது. வண்டியைப் பராமரிப்புக்கு விடும்போது இரகசிய வரிசையைக் கடைக்காரரிடம் சொல்லாமல், அதற்கென உள்ள பராமரிப்பு நிலைக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும்.

சாவியின் சமிக்ஞையைத் தடுக்கும் உலோகப் பைகளை மோட்டார்ஹோம் உரிமையாளர்களும் வாங்குகிறார்கள். சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமலே திறந்து கிளப்பக்கூடிய வண்டிகளுக்குத்தான் அந்தப் பை பயன்படும். டுகாட்டோவில் அந்த வசதி 2021-ஆம் ஆண்டின் மறுவடிவமைப்போடுதான் வந்தது. அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவருக்கு அந்தப் பை வெறும் சாவிப் பை.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியும் ஓர் இயந்திரப் பூட்டு. மின்னணுக் கருவிகள் மலிந்துவிட்ட இந்தக் காலத்தில் ஸ்டீயரிங்கில் மாட்டும் இரும்புத் துண்டைச் சிலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். நான் அதைப் பெரிதும் மதிக்கிறேன். மடிக்கணினியோடு வரும் திருடருக்கு இரும்பை அறுக்கும் வேலை பிடிக்காது: சத்தம் வரும், பொறி பறக்கும், நேரம் பிடிக்கும். ஸ்டீயரிங் சக்கரத்தின் விளிம்பில் ஓரிடத்தை மட்டும் பிடிக்கும் கழிகளைவிட, சக்கரம் முழுவதையும் மூடும் தட்டு வகை சிறந்தது. கழி வகையில் பூட்டைத் தொடாமல் ஸ்டீயரிங் சக்கரத்தை அறுத்தே பூட்டைக் கழற்றிவிட முடியும். வாங்கும்போது சோல்டு செக்யூர் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது பயன் தரும். 1992-இல் எஸ்ஸெக்ஸ், நார்த்தம்ப்ரியா காவல்துறைகளின் முயற்சியால் தொடங்கப்பட்டு, இப்போது பூட்டுத் தொழிலாளர் சங்கத்தின் பொறுப்பில் இயங்கும் அந்த அமைப்பு, பூட்டுகளைத் திருடர்கள் பயன்படுத்தும் கருவிகளாலேயே தாக்கிப் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் எனத் தரம் பிரிக்கிறது. வண்டி மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் ஒரு சக்கரப் பூட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பயணத்தில் அதைச் சுமந்து செல்வதில் பயனில்லை. மழையில் குனிந்து சக்கரத்துக்குப் பூட்டுப் போடும் ஆர்வம் யாருக்கும் ஒரு வாரத்துக்கு மேல் நீடிப்பதில்லை, சேறு படிந்த பூட்டை மறுபடி வண்டிக்குள் வைக்கும் ஆர்வம் அதற்கும் முன்பே தீர்ந்துவிடும். இருபது வினாடியில் மாட்ட முடியாத பூட்டு எதுவும் அன்றாடப் பயன்பாட்டுக்கு உதவாது என்பது என் அளவுகோல்.

மூன்றாவது, டிராக்கர். இதில்தான் விற்பனைப் பேச்சு அதிகம், எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன். பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனங்களின் சார்பில் வாகனங்களையும் பாதுகாப்புக் கருவிகளையும் சோதிப்பது தாட்சம் ஆய்வு மையம். 1969-இல் பெர்க்‌ஷயரில் உள்ள தாட்சம் ஊரில் தொடங்கப்பட்டதால் அந்தப் பெயர். டிராக்கர்களுக்கு அது முன்பு ஐந்து, ஆறு, ஏழு என்ற வகை எண்களை வழங்கிவந்தது. 2019 முதல் எஸ்5, எஸ்7 என்ற இரண்டே வகைகள் நடைமுறையில் உள்ளன. எஸ்5 வகையில் ஓட்டுநரிடம் ஒரு சிறு அடையாள அட்டை இருக்கும். அது இல்லாமல் வண்டி நகர்ந்தால் உடனே கண்காணிப்பு மையத்துக்கு எச்சரிக்கை போகும். எஸ்7 வகையில் அந்த அட்டை இல்லை. காப்பீட்டு நிறுவனம் கேட்டால் ஒழிய எஸ்7 போதும் என்பது என் கருத்து. அதைவிட முக்கியமான கேள்வி, கருவி எந்த அலைவழியில் பேசுகிறது என்பதே. செயற்கைக்கோளிலிருந்து இடத்தை அறிந்து கைபேசி வலையமைப்பு வழியே சொல்லும் டிராக்கரை, சட்டவிரோதமாக விற்கப்படும், அலைகளை அடைக்கும் ஒரு சிறிய ஜாமரால் ஊமையாக்கிவிடலாம். இரும்புக் கொள்கலனுக்குள் வண்டியை ஏற்றிவிட்டாலும் அதே கதி. வி.எச்.எஃப் வானொலி அலையிலும் இயங்கும் கருவிகள் இத்தகைய நிலையில் கூடுதல் நம்பிக்கை தருபவை.

டிராக்கர் திருட்டைத் தடுப்பதில்லை. திருடிய பின்பு வண்டியைக் கண்டுபிடிக்க உதவுகிறது, அவ்வளவுதான். மோட்டார்ஹோம் உரிமையாளருக்கு இது ஒரு சிக்கலையும் கொண்டுவருகிறது. வண்டி வீட்டிலிருந்து வெகுதொலைவில் ஒரு வாடகை வளாகத்தில் நிற்கிறது என்றால், அது போய்விட்டதே இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியவரும். எனவே நகர்வு எச்சரிக்கை கைபேசிக்கு வரும்படி அமைத்து, அந்த எச்சரிக்கையைப் படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும்போது வரும் பொய் எச்சரிக்கைகளால் வெறுத்து அணைத்துவிடாமல் இருக்கவும் வேண்டும். சந்தா தீர்ந்துபோன டிராக்கர் வெறும் பிளாஸ்டிக் பெட்டி என்பதைப் பலர் திருட்டுக்குப் பின்பே அறிகிறார்கள். பிரிட்டனில் 3ஜி வலையமைப்புகள் 2024-இலும் 2025-இலும் படிப்படியாக நிறுத்தப்பட்டுவிட்டதால், அதை மட்டுமே நம்பியிருந்த பழைய கருவிகள் சந்தா இருந்தும் பேசாமல் போய்விட்டன. 2ஜி வலையமைப்பும் 2033-க்குள் நிறுத்தப்பட உள்ளது. இன்று வாங்குபவர் 4ஜி கருவியைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆப்பிள் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஏர்டேக் போன்ற வில்லைகளை ஒளித்து வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. துணையாக வைக்கலாம், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அதற்குச் சொந்தமாகச் செயற்கைக்கோள் தொடர்பு கிடையாது. அருகில் செல்லும் கைபேசிகளின் தயவில்தான் தன் இடத்தைச் சொல்ல முடியும். அதோடு, ஒருவரைப் பிறர் இரகசியமாகப் பின்தொடர்வதைத் தடுப்பதற்காக, தெரியாத வில்லை ஒன்று உடன் பயணிப்பதாக அது திருடரின் கைபேசிக்கே செய்தி அனுப்பிவிடும். 2024 மே முதல் ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கும் இந்த எச்சரிக்கை செல்கிறது. நோக்கம் நல்லதுதான், நமக்குத்தான் உதவவில்லை.

மூன்றுக்குள் அலாரத்தை ஏன் சேர்க்கவில்லை என்ற கேள்வி எழும். வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் அலாரம் அலறினால் நாம் எழுந்து பார்ப்போம். அந்த அளவில் அது பயனுள்ளது. ஆலையிலேயே பொருத்தப்பட்டு வந்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளலாம். ஊர் பேர் தெரியாத வாகன நிறுத்தத்தில் அலறும் அலாரத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உள்ளே அசைவைக் கண்டறியும் சென்சார்கள், கூரைச் சன்னல் வழியே வரும் காற்றுக்கும், உள்ளே விட்டுச்சென்ற நாய்க்கும், ஆடும் திரைக்கும் அலறி, கடைசியில் உரிமையாளரே அவற்றை நிரந்தரமாக அணைத்துவைக்கும் நிலையை உண்டாக்குகின்றன. தூங்கும்போது உள்சென்சார்களை விட்டுவிட்டுக் கதவுகளை மட்டும் கண்காணிக்கும் அமைப்பு இருந்தால் மட்டுமே தனியாகப் பணம் கொடுக்கத் தகும்.

பேட்டரிக் கணக்கை விற்பனையாளர்கள் ஒருபோதும் சொல்வதில்லை. அலாரமும் டிராக்கரும் கூடுதல் இம்மொபிலைசரும் வண்டி நிற்கும்போதும் மின்சாரம் குடித்துக்கொண்டே இருப்பவை. மூன்றும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி ஆகிறது. எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி 95 ஆம்பியர்-மணி கொண்டது என்றால், சுமார் 40 நாட்களில் அதில் பாதி தீர்ந்துவிடும். குளிர்காலத்தில் பாதி தீர்ந்த பேட்டரியால் டீசல் எஞ்சினைச் சுழற்ற முடியாமல் போகலாம். அடிக்கடி அந்த நிலைக்குப் போனால் பேட்டரியே கெட்டுவிடும். காவலுக்கு வைத்ததே பேட்டரியை மேய்ந்துவிட்டபின், காவலும் நின்றுபோகிறது. டிராக்கரும் அந்த மின்சாரத்தை நம்பித்தானே இருக்கிறது. கூரையில் சூரியத் தகடு இருக்கிறதே என்று சொல்பவர்கள், அது பெரும்பாலும் வசிக்கும் பகுதிக்கான பேட்டரியை மட்டுமே நிரப்புகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த மின்சாரத்தில் சிறிதளவை எஞ்சின் பேட்டரிக்கும் திருப்பிவிடும் எளிய கருவி ஒன்று கிடைக்கிறது. டிராக்கர் வாங்கும் எவரும் அதையும் சேர்த்து வாங்கிவிட வேண்டும் என்பது என் பரிந்துரை.

இனி இரண்டாம் வகைத் திருடருக்கு வருவோம். மோட்டார்ஹோமின் வசிக்கும் பகுதி வீட்டைப்போல் தோன்றினாலும் வீட்டின் உறுதி அதற்கு இல்லை. சன்னல்கள் மேல்விளிம்பில் கீல் வைத்த அக்ரிலிக் தகடுகள். பிளாஸ்டிக் கொக்கிகள் அவற்றைப் பிடித்துவைத்திருக்கின்றன. பக்கவாட்டுக் கதவின் பூட்டும் பெயருக்குத்தான். இதை முழுமையாகப் பலப்படுத்த முயல்வது வீண். ஒரு கதவை இரும்பாக்கினால் பக்கத்துச் சன்னலை நெம்புவார்கள், அந்தச் சன்னலைச் சரிசெய்யக் கதவைவிட அதிகச் செலவும் ஆகும். பக்கவாட்டுக் கதவுக்குக் குறுக்கே மடங்கி நின்று பூட்டிக்கொள்ளும் கைப்பிடி வகைப் பூட்டு ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது. ஏறும்போது பிடித்துக்கொள்ளவும் பயன்படுகிறது, இங்கே பூட்டு இருக்கிறது என்று தூரத்திலிருந்தே சொல்லவும் செய்கிறது. வாய்ப்பைத் தேடி வருபவர் இரண்டு வண்டிகளில் எளிதானதைத் தேர்ந்தெடுப்பார் என்ற அளவுக்கு அது உதவும்.

இந்த வகைத் திருட்டில் கருவியைவிட இடமே முடிவு செய்கிறது. பிரான்சில் ‘ஏர்’ என்று அழைக்கப்படும் நிறுத்துமிடங்களில் இரண்டு வகை உண்டு. ஊராட்சிகள் மோட்டார்ஹோம்களுக்காகவே ஊருக்குள் அமைத்திருப்பவை ஒரு வகை. பெரும்பாலும் அமைதியானவை, அங்கே நான் கவலையின்றித் தூங்கியிருக்கிறேன். நெடுஞ்சாலையோர ஓய்விடங்கள் இன்னொரு வகை. இரவு முழுவதும் வண்டிகள் வந்துபோகும் அங்கே, யார் எதற்காக நிற்கிறார் என்பதை யாரும் கேட்பதில்லை. நெடுஞ்சாலையிலிருந்து வெளியேறும் அடுத்த வழியில் இறங்கி இருபது நிமிடம் ஓட்டினால் ஓர் ஊர் கிடைக்கும் என்னும்போது அங்கே தூங்குவதற்குக் காரணமே இல்லை. தெற்கு பிரான்சிலும் ஸ்பெயினின் கிழக்குக் கடற்கரை நெடுஞ்சாலையிலும் இன்னொரு தந்திரம் வெகுகாலமாக நடந்துவருகிறது. பக்கத்தில் வரும் காரில் இருப்பவர்கள் நம் சக்கரத்தைச் சுட்டிக்காட்டிக் கையசைப்பார்கள். நாம் ஓரங்கட்டி இறங்கிப் பார்க்கும்போது ஒருவர் உதவுவதாகப் பேசிக்கொண்டிருக்க, மற்றவர் மறுபக்கக் கதவு வழியே கைப்பையை எடுத்துவிடுவார். இதற்கு எந்தக் கடையிலும் கருவி இல்லை. ஒருவர் இறங்கினால் மற்றவர் உள்ளேயே இருந்து எல்லாக் கதவுகளையும் பூட்டிக்கொள்வது, ஆள் நடமாட்டமுள்ள எரிபொருள் நிலையம் வரை மெதுவாக ஓட்டிச் செல்வது ஆகியவையே இதற்கான பாதுகாப்பு. பின்புறச் சட்டத்தில் தொங்கும் மிதிவண்டிகளும் இவ்வாறே இடத்தைப் பொறுத்தவை. விலை உயர்ந்த மின்மிதிவண்டியை நகரத்து வாகன நிறுத்தத்தில் வெளியே தொங்கவிட்டுச் செல்பவருக்கு எந்தப் பூட்டும் நீண்ட நேரம் உதவாது.

இரவுத் தாழ்ப்பாள்களைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஓட்டுநர் அறையின் இரு கதவுகளையும் பட்டையாலோ சங்கிலியாலோ ஒன்றோடொன்று பிணைத்து, அதன்மேல் பூட்டுப் போட்டுத் தூங்குபவர்கள் இருக்கிறார்கள். மோட்டார்ஹோமின் உட்புறம் மெல்லிய ஒட்டுப்பலகை, நுரைப்பஞ்சு, துணி ஆகியவற்றால் ஆனது. சமையல் எரிவாயு உருளையும் உடன் இருக்கிறது. தீப்பிடித்தால் வெளியேறுவதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு, அதுவும் இருட்டில், புகையில், தூக்கக் கலக்கத்தில். சாவி தேவைப்படும் எந்தத் தாழும், நாம் உள்ளே தூங்கும்போது, போடத்தக்கதல்ல. கையால் ஒரே அசைவில் விடுபடும் தாழ் என்றால் போட்டுக்கொள்ளலாம். குழந்தைகளும் அதை இருட்டில் திறந்து பழகியிருக்க வேண்டும்.

மயக்க வாயுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பட்டியலில் உள்ள கருவிகளில் எனக்கு எரிச்சலூட்டுவது இதைக் கண்டறியும் கருவிதான். தூங்குபவர்களை மயக்குவதற்காகத் திருடர்கள் சன்னல் வழியே வாயுவைச் செலுத்துகிறார்கள் என்ற கதை ஐரோப்பிய மோட்டார்ஹோம் வட்டாரத்தில் வெகுகாலமாக உலவிவருகிறது. பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி இதை ஆராய்ந்து, ஈதர், குளோரோஃபார்ம் போன்றவற்றை வண்டியின் சன்னல் வழியே செலுத்தி உள்ளே இருப்பவர் அறியாமல் அவரை மயக்குவது முடியாத காரியம் என்று வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. ஈதரின் நெடியே தூங்குபவரை எழுப்பி இருமவைத்துவிடும். அவ்வளவு பெரிய இடத்தை நிரப்பத் தேவையான அளவும் ஒரு திருடர் தோளில் சுமந்துவரக்கூடியதல்ல. 2002 அக்டோபரில் மாஸ்கோ திரையரங்கில் பணயக்கைதிகளை மீட்க அரசே மயக்க வாயுவைப் பயன்படுத்தியபோது, நூற்றுக்கும் மேற்பட்ட பணயக்கைதிகள் இறந்துபோனார்கள். அளவைக் கட்டுப்படுத்த ஓர் அரசாங்கத்தாலேயே முடியவில்லை. காலையில் தலைவலியோடு எழுந்து, பணப்பை போயிருப்பதைக் கண்டவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் நீண்ட பயணத்துக்குப் பின் ஆழ்ந்து தூங்குபவருக்குக் கதவு திறக்கும் ஓசை கேட்காமல் போவதற்கு வாயு தேவையில்லை. மோட்டார்ஹோமில் அஞ்ச வேண்டிய வாயு கார்பன் மோனாக்சைடு. அடுப்பிலோ சூடாக்கியிலோ எரிதல் சரியாக நடக்காதபோது உருவாகி ஓசையின்றிக் கொல்லும் அதைக் கண்டறிய, ஈஎன் 50291-2 தரம் குறிக்கப்பட்ட கருவி ஒன்றை வாங்கினால் அந்தப் பணம் பயனுள்ள வழியில் செலவாகும்.

இரும்புப் பெட்டி வேண்டுமா என்றால், கடவுச்சீட்டுகளும் உபரிச் சாவியும் கொள்ளும் அளவுக்குச் சிறியதாக, இருக்கையின் அடிச்சட்டத்தில் திருகாணியால் இறுக்கப்பட்டதாக இருந்தால் நல்லது. பெரியது வேண்டாம். 1997 ஜனவரி முதல் பிரிட்டனில் உரிமம் பெற்றவர்கள் சாதாரண உரிமத்தில் ஓட்டக்கூடிய டீசல் வண்டியின் மொத்த எடை 3,500 கிலோதான் என்பதால், தண்ணீர், எரிவாயு, உணவு, மிதிவண்டிகள், ஆட்கள் என ஏற்றிய பின் பல வண்டிகளில் மிஞ்சுவது சில பத்துக் கிலோ மட்டுமே. அதைப் பூட்டுகளுக்கும் பெட்டிகளுக்கும் செலவிட்டு எடைவரம்பைத் தாண்டினால் அபராதம் கட்ட நேரிடும், விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும்.

காப்பீட்டு ஒப்பந்தத்தைப் படிக்காமல் எந்தக் கருவியும் வாங்கக் கூடாது. நிறுவனம் கேட்பது தாட்சம் சான்று பெற்ற இம்மொபிலைசரா, சந்தா நடப்பில் உள்ள டிராக்கரா, இரவில் வண்டி நிற்கும் முகவரியா என்பதைப் பொறுத்தே மேலே சொன்ன மூன்றின் வகையும் அமையும். கேட்காத ஒன்றைப் பொருத்திவிட்டு, அது வண்டியில் உள்ளது என்று நிறுவனத்திடம் சொல்லிவிட்டால், அதைப் பயன்படுத்தும் பொறுப்பும் ஒப்பந்தத்துக்குள் வந்துவிடலாம். பிரீமியத்தில் கிடைக்கும் சிறு கழிவுக்காக அப்படிச் சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும். 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த 2015-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், 11-ஆம் பிரிவில் உரிமையாளருக்கு ஓரளவு பாதுகாப்பு தருகிறது: நிபந்தனையை மீறியது நேர்ந்த இழப்புக்கான வாய்ப்பை அதிகரித்திருக்கவே முடியாது என்று காட்டினால், அந்த மீறலைச் சொல்லி நிறுவனம் பணத்தை மறுக்க முடியாது. டிராக்கர் சந்தா தீர்ந்திருந்த வண்டி புயலில் மரம் விழுந்து நசுங்கினால் இந்தப் பிரிவு கைகொடுக்கும். அதே வண்டி திருடுபோனால் இதை நம்பியிருக்க முடியாது.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. சாவிகள் எத்தனை என்று கேட்டு அனைத்தையும் பெற்றுக்கொண்டு, வண்டியின் கணினியில் எத்தனை சாவிகள் பதிவாகியுள்ளன என்பதைச் சோதித்து, கையில் இல்லாதவற்றை நீக்கச் சொல்ல வேண்டும். முந்தைய உரிமையாளர் பொருத்திய டிராக்கர் இருந்தால், சந்தாவையும் தொலைபேசி எண்ணையும் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் வண்டி நகரும் எச்சரிக்கை, அதைச் சில மாதங்களுக்கு முன் விற்றுவிட்டவரின் கைபேசிக்குத்தான் போய்க்கொண்டிருக்கும். பக்கவாட்டுக் கதவின் பூட்டு உருளையை மாற்றுவது மலிவு, அதையும் அப்போதே செய்துவிடலாம்.